ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பும் முன் ஒருவராவது படியுங்கள்

துறைத் தலைவர் அவர்களுக்கும் ஆய்வேட்டுக் குழுவின் பேராசிரியர்களுக்கும்,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். வரும் பருவத்திலிருந்து இறுதியாண்டு ஆய்வேடுகள் எல்லாம் முதலில் மென்பொருளுக்குப் போகும், ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒன்றுபோல் இருக்கும் அளவு, 15 சதவீதத்தைத் தாண்டினாலோ, செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று 20 சதவீதத்துக்கு மேல் காட்டினாலோ, மதிப்பீட்டாளர் கைக்கே போகாமல் மாணவருக்குத் திரும்பிவிடும், இதை எதிர்த்து முறையிட முடியாது என்று அதில் இருக்கிறது. அந்த ஆய்வேட்டை யார் படிப்பார்கள், எப்போது படிப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் போன பருவத்தில் ஆய்வேட்டை முடித்தேன். பட்டமும் வந்துவிட்டது, இந்த விதி இனி என்னைத் தொடாது. ஆனால் இதன் சோதனை ஓட்டம் எங்கள் வகுப்பின் மேல்தான் நடந்தது. இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்கள், அது நியாயமும்கூட, அவர்கள் மதிப்பெண் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

என் ஆய்வு இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் உறக்கத்தைப் பற்றியது. ஒரு மருத்துவமனையில் தொடர்ந்து ஏழு இரவு என்றிருந்த பணிச்சுழற்சியை மூன்று இரவாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பு ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை என்று அதே செவிலியர்களிடம் இரண்டு முறை கேட்டு, உறக்கத்தில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளக்க எடுத்துக்கொண்டது பிட்ஸ்பர்க் உறக்கத் தர அளவீடு. 1989இல் வெளிவந்தது, உலகம் முழுக்கப் பயன்படுவது. பதிலளிப்பவருக்கு 19 கேள்விகள், அவற்றிலிருந்து ஏழு கூறுகள், கூட்டினால் 0 முதல் 21 வரை ஒரு மதிப்பெண், 5ஐத் தாண்டினால் உறக்கம் சரியில்லை என்று பொருள். இந்த விவரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு அளவீட்டை எடுத்தால் அதன் கேள்விகளில் ஒரு சொல்லைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் அது வேறு அளவீடு, மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. எங்களுக்கு ஆய்வு முறையியல் வகுப்பில் நீங்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

என் ஆய்வேட்டின் ஒப்புமை 34 சதவீதம் என்று வந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில் சிவப்பில் அந்த எண், கீழே "திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்" என்று அலுவலகத்தின் ஒற்றை வரி. எதைத் திருத்துவது என்று கேட்டேன். "சதவீதத்தைக் குறைக்க வேண்டும்" என்றார்கள். எந்தப் பகுதியை என்று மறுபடி கேட்டேன். அறிக்கையைத் திறந்து பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

சரி என்று நானே மூன்று நாள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். நிறம் பூசப்பட்டிருந்ததில் பெரும் பங்கு மேற்கோள் பட்டியல். ஒரு கட்டுரையை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினால் ஆயிரம் பேரின் பட்டியலிலும் அந்த வரி அச்சாக அப்படியேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அடுத்தது பின்னிணைப்பில் வைத்த அந்த வினாநிரல், முழுவதும். அடுத்தது நெறிமுறைக் குழு தந்த ஒப்புதல் படிவம், அதை அவர்கள் கொடுத்த வடிவிலேயே சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அடுத்தது, இதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும், "இந்த ஆய்வேடு என் சொந்த உழைப்பில் உருவானது, வேறெங்கும் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று துறையே அச்சிட்டுத் தந்த உறுதிமொழிப் பக்கம். திருடவில்லை என்று நான் கையெழுத்திட்ட பக்கம், திருடியதாகக் கணக்கில் ஏறியிருந்தது. இவற்றையெல்லாம் விலக்கிவிட்டு ஓட்டினால் 6 சதவீதம். விலக்குவதற்கான பொத்தான் அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அழுத்த ஓர் ஆள் வேண்டும்.

அந்த 6 சதவீதத்தில் என் தவறும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் இயலில் ஒரு பத்தி, மூலக் கட்டுரையின் போக்கை ஒட்டியே போயிருந்தது. மேற்கோள் காட்டியிருந்தேன், ஆனால் வாக்கிய அமைப்பு என்னுடையதாக இல்லை. யாராவது அதைக் காட்டி, "மூலத்தை மூடிவைத்துவிட்டு உனக்குப் புரிந்ததை எழுது" என்று சொல்லியிருந்தால் ஒரே மாலையில் சரியாகியிருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். அதே இயலில் இரண்டு இடங்களில், நான் முழுதாகப் படிக்காத கட்டுரைகளை, சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேற்கோள் காட்டியிருந்தேன். அதில் ஒன்றின் முடிவை நான் தலைகீழாகவே புரிந்துகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நல்ல ஆய்வேட்டில் இருக்கவே கூடாத பிழை அதுதான். மென்பொருள் அந்த வரிகளைத் தொடவே இல்லை, அவை சுத்த வெள்ளையாக இருந்தன. உறுதிமொழிப் பக்கம் சிவப்பு, தவறான மேற்கோள் வெள்ளை என்று ஒரு கருவி காட்டினால், அது அளப்பது நேர்மையை என்று எப்படி எடுத்துக்கொள்வது? அது எழுத்துகள் எங்கே ஒன்றுபோல் இருக்கின்றன என்று காட்டுகிறது, அவ்வளவுதான். அது களவா, முறையான மேற்கோளா, எல்லோரும் எழுதும் வழக்கமான வரியா என்று முடிவு செய்ய வேண்டியவர் ஆசிரியர்.

இப்படி எண்ணுக்குப் பயந்து எழுதும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என் வகுப்பில் பலரும் செய்தது இதுதான்: நிறம் பூசிய வாக்கியத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் வேறு சொல் போட்டு, நிறம் மறையும் வரை மாற்றிக்கொண்டே போவது. "திட்ட விலக்கம்" என்பதற்கு வேறு என்ன சொல் போடுவீர்கள்? அது ஒரு புள்ளியியல் கலைச்சொல், அதை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆனால் போட்டார்கள். நல்ல வாக்கியம் கோணலாகி, கோணல் வாக்கியம் பொருளற்றதாகி, கடைசியில் சதவீதம் இறங்கியது. இது எங்கள் வகுப்பில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை. 2021இல் கியோம் கபனாக் முதலிய மூன்று ஆய்வாளர்கள் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளிலேயே இப்படிச் சிதைந்த சொற்கள் குவிந்திருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றுக்குச் "சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்" என்று பொருள்படும் பெயரே வைத்தார்கள். ஆங்கிலத்தில் செயற்கை நுண்ணறிவு என்று வர வேண்டிய இடத்தில் "போலி உணர்வு" என்றும், மார்பகப் புற்றுநோய் வர வேண்டிய இடத்தில் "மார்பு ஆபத்து" என்றும் பொருள் தரும் சொற்கள் இருந்தன. ஒப்புமை சோதனையை ஏமாற்றச் சொற்களைத் தானாக மாற்றிப் போடும் கருவிகளின் வேலை அது என்பது அவர்கள் கணிப்பு. ஒருவர் படித்திருந்தால் முதல் பக்கத்திலேயே நின்றிருக்கும். 15 சதவீதத்துக்குக் கீழே வந்தால் போதும் என்ற விதி, மாணவர்களை நேராக இந்தப் பழக்கத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். களவு செய்தவர் சொல்லை மாற்றித் தப்பிப்பார், ஒழுங்காக மேற்கோள் காட்டியவர் மாட்டிக்கொள்வார்.

அப்புறம் இரண்டாவது எண், அந்த 20 சதவீதம்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆய்வேடு 43 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று வந்தது. அவள் எழுதும் விதம் எனக்குத் தெரியும், மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுவதால் தெரிந்த சொற்களை வைத்து, சின்னச் சின்ன வாக்கியமாக, இலக்கணம் பிசகாமல் கவனமாக எழுதுவாள். அவளிடம் நேர்காணல் குறிப்பேடுகள் இரண்டு இருந்தன, கையெழுத்தில். எட்டு மாதத்து வரைவுகள் தேதி வாரியாக இருந்தன. ஒலிப்பதிவுகளும் இருந்தன. இவற்றை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது என்று கேட்டாள். அதற்கென்று ஓர் ஆளோ இடமோ இல்லை. முறையீடு கிடையாது என்று நீங்கள் இப்போது எழுத்தில் போட்டது எங்கள் வகுப்பில் எழுதாமலேயே நடைமுறையில் இருந்தது. கடைசியில் அவள் தன் தெளிவான வாக்கியங்களை வேண்டுமென்றே நீட்டி, சுற்றி வளைத்து, எண் இறங்கும் வரை கெடுத்துச் சமர்ப்பித்தாள். அந்தப் பத்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தான் எழுதியதைத் தான்தான் எழுதினேன் என்று நிரூபிக்க வழியில்லாமல் நிற்பது என்ன மாதிரி அவமானம் என்று அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவள் அனுபவம் தனித்த விபத்து இல்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு அநேகமாக இல்லை. காரணம் எளிது. அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்த்ததாக இருக்கிறது என்பதைத்தான் இத்தகைய கருவிகள் பலவும் முக்கியமாகப் பார்க்கின்றன. குறைந்த சொல்வளத்தோடு, விதி தவறாமல் எழுதுபவர்களின் எழுத்து இயல்பாகவே எதிர்பார்த்த மாதிரிதான் இருக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகக் கண்டுபிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. இந்த எண்களை அவர்களே சொன்னார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டின் என்ற ஒப்புமை சோதனை மென்பொருளில் இருந்த இந்தக் கண்டறியும் வசதியை நிறுத்தி வைத்தது. அவர்கள் போட்ட கணக்கு யாருக்கும் புரியும்: 2022இல் அந்த மென்பொருளுக்கு அனுப்பியது 75,000 தாள்கள், நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 750 பேர் மேல் பொய்ப்பழி விழும்.

ஒப்புமைக்காவது இது இங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு மூலம் இருக்கிறது, மாணவர் அதைப் பார்த்து விளக்கம் சொல்ல முடியும். இந்த எண்ணுக்கு அதுவும் இல்லை. எதைக் காட்டி மறுப்பது?

சிலர் இயந்திரத்தை வைத்து எழுதத்தான் செய்கிறார்கள். எனக்கும் தெரியும், அவர்களோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன். உங்கள் கவலை உண்மையானது. ஆனால் அவர்களைப் பிடிக்கும் வழி வேறு. மேற்கோள் பட்டியலில் ஐந்தை எடுத்துத் தேடிப் பாருங்கள், இந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைக்கும் அழகான தலைப்பும் ஆண்டும் போட்டுக் கொடுக்கும், ஐந்தில் ஒன்று கிடைக்காவிட்டால் அப்போதே விசாரிக்கலாம். மூலத் தரவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்து நிமிடம் எதிரில் உட்கார வைத்து, இந்த அளவீட்டை ஏன் எடுத்தாய், பதில் தராதவர்களை என்ன செய்தாய், இந்த அட்டவணையின் மூன்றாவது வரி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். எழுதியவருக்கு நடுக்கத்திலும் பதில் வரும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கடைசியில் ஒரு வாயிற்காவலை வைப்பதற்கு முன்னால், நடுவில் எட்டு மாதம் எங்களை யார் படித்தார்கள்?

என் மூன்றாம் இயலில், 41ஆம் பக்கத்தில், என் பகுப்பாய்வு முறையை எழுதியிருந்தேன். இரண்டு சராசரிகளை ஒப்பிட, தனித்த இரண்டு குழுக்களுக்கான டி சோதனை என்ற புள்ளியியல் கணக்கைப் பயன்படுத்தப் போகிறேன் என்று. ஆய்வு முறை தெரிந்த எவரும் அந்த வரியில் நின்றிருப்பார்கள். முன்பும் பின்பும் நான் கேட்டது அதே செவிலியர்களிடம். அப்படியானால் ஒவ்வொருவரின் முன் மதிப்பெண்ணையும் அவருடைய பின் மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்க்கும் இணைச் சோதனைதான் செய்ய வேண்டும். பாடப்புத்தகத்தில் அடிப்படையாக இருக்கும் விஷயம், நான் குழப்பிக்கொண்டேன். அந்த இயலை நெறியாளருக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து நினைவூட்டினேன், பிறகு மறுபடியும். ஏழு வாரத்துக்குப் பின் பதில் வந்தது: "நன்று. தொடரவும்."

தொடர்ந்தேன். தரவு எல்லாம் சேகரித்து, அந்தத் தவறான சோதனையைப் போட்டேன். ஆளுக்கு ஆள் உறக்கம் பெரிதாக வேறுபடும், ஒருவர் எப்போதும் நன்றாகத் தூங்குவார், இன்னொருவர் எப்போதும் தூங்க மாட்டார். தனிக்குழுச் சோதனையில் அந்தப் பெரிய வேறுபாடு, பணிச்சுழற்சியால் வந்த சின்ன மாற்றத்தை விழுங்கிவிட்டது. மாற்றம் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. ஏன் மாற்றம் இல்லை என்று 18 பக்கத்துக்கு விவாத இயல் எழுதினேன். அதைவிட மோசம், எனக்கு உதவிய மருத்துவமனையின் தலைமைச் செவிலியருக்கு, கேட்டுக்கொண்டபடி ஒரு பக்கச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன்: இரவுகளைக் குறைத்ததால் உறக்கத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. "இரண்டு தடவையும் அதே ஆட்கள்தானே அம்மா? பிறகு ஏன் வேறு வேறு ஆட்களைப் போல் கணக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என் ஆய்வேட்டை முதல் முறையாக ஒருவர் படித்திருக்கிறார் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

திரும்பச் செய்தேன். இணைச் சோதனையில் வேறுபாடு தெளிவாக வந்தது. செவிலியர்கள் முன்பைவிட நன்றாகத் தூங்கியிருந்தார்கள். 18 பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன், பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். அந்தத் தலைமைச் செவிலியருக்கு, "நான் முன்பு அனுப்பியது தவறு" என்று எழுத வேண்டி வந்ததே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும் முன் கண் சிவக்க உட்கார்ந்து எனக்காக 19 கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் அவர்கள். அவர்கள் பணிச்சுழற்சியை இந்த முடிவை வைத்துத் தீர்மானிக்கும் வாய்ப்பு இருந்தது. 41ஆம் பக்கத்தை ஒருவர் படித்திருந்தால் இது நடந்திருக்காது.

என் நெறியாளர்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர் வகுப்பில்தான் ஆய்வு என்றால் என்ன என்று எனக்கு ஆர்வமே வந்தது. அந்த ஆண்டு அவரிடம் நாங்கள் பதினான்கு பேர். ஆளுக்கு நூறு பக்கம், இரண்டு வரைவு என்று வைத்தாலே 2800 பக்கம். கவனமாகப் படித்துக் குறிப்பு எழுத ஒரு மணிக்கு இருபது பக்கம் என்றால் 140 மணி நேரம். இந்த 140 மணி நேரத்துக்கு அவருடைய கால அட்டவணையில் நீங்கள் ஒதுக்கியது எவ்வளவு என்று பாருங்கள். வகுப்புகளுக்கு நேரம் இருக்கிறது, தேர்வுப் பணிக்கு இருக்கிறது, கூட்டங்களுக்கு இருக்கிறது. ஆய்வேடு படிப்பதற்கு என்று ஒரு கட்டம் அதில் இல்லை. ஆக அவர் எங்களைப் படிக்க வேண்டுமானால் தன் வீட்டு நேரத்தில் படிக்க வேண்டும். சிலர் அப்படியும் படிக்கிறார்கள், அவர்களுடைய மாணவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஒரு துறையின் ஆய்வுத் தரம் அந்த அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது.

வடிவம் மட்டும் தவறாமல் படிக்கப்பட்டது. பைண்டிங் செய்யும் பக்கம் ஒன்றரை அங்குல ஓரம் விடவில்லை என்று என் ஆய்வேடு ஒருமுறை திரும்பியது, அட்டவணைத் தலைப்பு மேலே இல்லாமல் கீழே இருக்கிறது என்று இன்னொரு முறை. இரண்டும் விதிதான், திருத்திக் கொடுத்தேன். அளவுகோல் வைத்து ஓரத்தை அளக்க ஒருவருக்கு நேரம் ஒதுக்கிய துறை, முறையியல் இயலைப் படிக்க ஒருவருக்கு ஒதுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே கேட்கிறேன்.

சுற்றறிக்கையில் இருக்கும் தானாகத் திருப்பி அனுப்பும் விதியை, அடுத்த சமர்ப்பிப்பு தொடங்கும் முன் நிறுத்தி வையுங்கள். ஒப்புமை அறிக்கை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுங்கள், ஆனால் மேற்கோள் பட்டியல், நேர் மேற்கோள்கள், அளவீட்டு வினாநிரல்கள், துறையும் நெறிமுறைக் குழுவும் தரும் படிவங்கள் ஆகியவற்றை விலக்கிவிட்டு எடுங்கள். பிறகு ஓர் ஆசிரியர் அதைத் திறந்து பார்த்து, எந்தப் பத்தி, என்ன சிக்கல் என்று எழுதிக் கொடுக்கட்டும். மாணவருக்கு அறிக்கை முழுவதும் கிடைக்க வேண்டும், முதல் பக்கத்து எண் மட்டும் போதாது.

இயந்திர எழுத்து என்று காட்டும் சதவீதத்தை எந்த மாணவருக்கும் எதிரான ஆதாரமாக எடுக்காதீர்கள். ஐயம் வந்தால் கூப்பிட்டுப் பேசுங்கள், வரைவுகளையும் மூலத் தரவையும் காட்ட வாய்ப்புக் கொடுங்கள், முடிவைக் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். முறையீடு கிடையாது என்ற வரியை நீக்கிவிட்டு, அதே நெறியாளரும் அதே குழுவும் இல்லாத வேறு இருவரிடம் முறையிட வழி வையுங்கள். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதையும் ஆய்வு தொடங்கும்போதே ஒரு பக்கத்தில் சொல்லிவிடுங்கள், இப்போது ஒவ்வொரு நெறியாளரும் ஒவ்வொன்று சொல்கிறார்.

ஒரு நெறியாளருக்கு எத்தனை மாணவர் என்று வரம்பு வையுங்கள், ஆய்வேடு படிக்கும் நேரத்தை அவர்களுடைய பணி நேரத்தில் சேருங்கள். இதைச் செய்யாமல் மற்றதைக் கேட்பது அவர்களுக்கு அநியாயம். செய்த பிறகு, ஓர் இயல் கொடுத்தால் மூன்று வாரத்துக்குள் எழுத்தில் குறிப்பு வர வேண்டும் என்று விதி வையுங்கள். "நன்று" என்ற ஒற்றைச் சொல் குறிப்பாகாது.

தரவு சேகரிக்கப் போகும் முன், புள்ளியியல் தெரிந்த ஒருவர் முறையியல் இயலை மட்டுமாவது படித்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதும். எனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்காததால் ஒரு பருவம் போனது.

சோதனை ஓட்டத்தில் எண்ணை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்ட, இன்னும் மறு சமர்ப்பிப்பு செய்யாத ஆய்வேடுகள் இருக்கின்றன. அவற்றை இந்தப் பருவத்துக்குள் ஒருவர் படித்து முடிவு சொல்ல வேண்டும், அவர்களிடம் நீட்டிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், அடுத்த சமர்ப்பிப்புத் தேதியை அறிவிக்கும் முன்பே. குழு கூடும் நாளில் என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். என் 34 சதவீத அறிக்கையையும், 41ஆம் பக்கத்தையும், அதற்கு வந்த பதிலையும் கொண்டுவருகிறேன். தோழியும் தன் குறிப்பேடுகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
போன பருவத்தில் உங்கள் துறையில் ஆய்வேடு முடித்த மாணவி